கழுத்து வரை பெட்ரோல்

ஜூன் 8, ஞாயிறு

புதுக்கோட்டைக்குப் போகவில்லை. வண்டி பெட்ரோல் பங்க்கிலேயே காலை வாரிவிட்டது.

விடிந்ததும் குளித்து, சலவைச் சட்டை போட்டு, மார்க்கெட்டில் முழுப் பலாப்பழம் ஒன்று வாங்கிப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மனைவி கோகிலத்துக்குப் பலா என்றால் உயிர். மகள் வீட்டில் இத்தனை மாதமாக உட்கார்ந்திருக்கிறாளே, நாமே போய் அழைத்து வந்துவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு புறப்பட்டேன். திருவெறும்பூர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை.

ஃபுல் டேங்க் சொன்னேன். பம்ப் 'டக்'கென்று நின்றதும் அங்கே வேலை பார்க்கிற பெண் குழாயை எடுக்கப் பார்த்தாள். "இரும்மா, இன்னும் பிடிக்கும்" என்று வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டி, பெட்ரோல் கண்ணுக்குத் தெரிகிறவரை ஊற்ற வைத்தேன். நான் எப்போதும் அப்படித்தான். காற்றை ரொப்பிக்கொண்டு போக நான் என்ன பலூனா வைத்திருக்கிறேன்?

சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடிக்கவில்லை. கடைசியில் பிடித்தபோது குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உதறியது. ஸ்டியரிங், கண்ணாடி, பின் சீட்டுப் பலாப்பழம், எல்லாம் ஆடுகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஆஃப். உள்ளே பெட்ரோல் நெடி. பின்னால் நின்ற ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். இறங்கிப்போய் அவனை நாலு கேள்வி கேட்டேன்.

மகள் தேன்மொழிக்குப் போன் போட்டு வரமுடியாது என்றேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

மெக்கானிக் செபஸ்தியான் ஷெட்டுக்கு வண்டியை எடுத்துப் போனேன். ஷெட் வாசலில் வண்டி பூப்போல ஓடுகிறது. மானத்தை வாங்குகிறது.

அவன் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "ஒண்ணும் இல்ல சார். நீங்க கிளச்ச விட்ட விதத்துல ஆஃப் ஆயிருக்கும்" என்றான்.

நான் கார் ஓட்ட ஆரம்பித்தபோது அவனுக்கு மீசை முளைத்திருக்காது. அதைச் சொன்னேன். ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.

"ப்ளக்க மாத்திப் பாக்கலாம் சார்" என்றான், ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டு.

மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

பலாப்பழம் பழுத்து வீடே நாறுகிறது. எனக்கு அறுக்கத் தெரியாது. அதெல்லாம் அவள் வேலை. கீழ் வீட்டுக்கு முழுதாகத் தூக்கிக் கொடுத்தேன். அந்த வீட்டம்மா வாங்கிக்கொண்டு, "அக்கா எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். பழத்தைக் கொடுத்தால் பழத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?

மகளுக்குப் பிரசவம் பார்த்து, பேரனை ஐந்து மாதம் இங்கேயே வைத்திருந்து, மார்கழி பிறக்கும் முன்னால் புதுக்கோட்டைக்கு அனுப்பினோம். தேன்மொழி வேலைக்குத் திரும்புகிறாள், பத்து நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று கோகிலமும் கிளம்பினாள். தை போய், மாசி போய், பங்குனி போய், இப்போது ஆனி பிறக்கப் போகிறது. அவளுடைய பத்து நாள் இன்னும் முடியவில்லை.

நானே சமைத்துக்கொள்கிறேன். ரசம் மோசமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கும் போகவில்லை.

புது ப்ளக். அதே பங்க். டேங்க்கை ரொப்பிச் சாவியைத் திருப்பினேன், அதே உதறல். இரண்டு தடவை ஆஃப். இந்த முறை விடவில்லை. நேரே மேலாளர் அறைக்குப் போய், "பெட்ரோல்ல தண்ணி கலக்குறீங்களாய்யா?" என்று மேஜையைத் தட்டினேன். தட்டினதில் அவருடைய டீ சரிந்துவிட்டது. பேப்பர் எல்லாம் நனைந்தது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

மேலாளர் சின்ன வயதுக்காரர். டீயைத் துடைத்துவிட்டு வெளியே கூட்டிப்போனார். வெள்ளைக் காகிதத்தில் பெட்ரோலைச் சொட்டிக் காட்டினார். கறையில்லாமல் பறந்துபோயிற்று. கண்ணாடிக் குடுவையில் பிடித்து அடர்த்தி பார்த்தார். தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற பசையைக் குச்சியில் தடவி, நிலத்தடித் தொட்டியில் விட்டு எடுத்துக் காட்டினார். நிறம் மாறவில்லை.

"வேற ஏதாவது பாக்கணுமா சார்?" என்றார்.

மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவில்லை. பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி ஆறி, திரும்ப எடுத்தபோது ஒழுங்காக ஓடியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

வண்டி சரியாகத்தானே ஓடியது, அப்படியே புதுக்கோட்டைக்குப் போயிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். நடுவழியில் நின்றால் யார் பொறுப்பு?

ஜூன் 18, புதன்

செபஸ்தியான் இப்போது இன்ஜினுக்குக் காற்றுப் போகிற வாயில் அழுக்கு என்கிறான். கழற்றிக் கழுவியிருக்கிறான். "இனிமே வராது சார்" என்றான். போன வாரமும் இதையேதான் சொன்னான்.

சாயங்காலம் தேன்மொழி போனைக் கோகிலம் எடுத்தாள். தவறி எடுத்திருப்பாள். வண்டி கதை முழுதையும் சொன்னேன். பங்க், ப்ளக், செபஸ்தியானின் திமிர், எல்லாவற்றையும். ஊடே ஊடே 'ம்' கொட்டினாள். முடித்ததும், "பிரஷர் மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டாள். போடுகிறேன் என்றேன். வைத்துவிட்டாள்.

இவ்வளவுதான் பேச்சு. நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? பேரனை அனுப்பின அன்றைக்குச் சம்பந்தி வீட்டார் முன்னால், சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்னேன். உப்பு இல்லை, சொன்னேன். "எல்லாருக்கும் சரியாத்தான் இருக்கு" என்று எதிர்த்துப் பேசினாள். கையிலிருந்த சில்வர் டம்ளர் தவறிவிட்டது. அது போய் விழுந்த இடத்தில் அவள் நின்றதற்கு நான் என்ன செய்வது?

ஜூன் 22, ஞாயிறு

வேறு பங்க். துவாக்குடிப் பக்கம், நல்ல கூட்டமான இடம். கழுத்து வரைக்கும் ஊற்றினேன்.

அதே உதறல்.

ஆக, முதல் பங்க்கில் குற்றம் இல்லை. அதற்காக அந்த மேலாளர் பையனிடம் போய்ச் சொல்லவா முடியும்?

புதுக்கோட்டைக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். "பரவாயில்ல மாமா, மெதுவா வாங்க" என்றார். அவர் குரலில் நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது. என் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு என்னிடமே நிம்மதியா?

ஜூன் 25, புதன்

இவர்களை நம்பிப் பயனில்லை. ஃபேக்டரியில் வார்ப்படம் விரிசல் விட்டால் காரணம் கண்டுபிடிக்கிற பிரிவில் இருந்தவன் நான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். பதற்றத்தில் அதைக்கூட மறந்துவிட்டேன்.

டேங்க்கிலிருந்த பெட்ரோலைக் குழாய் விட்டுக் கேனில் இறக்கி, முள்ளைக் கீழே கொண்டுவந்தேன். ஐந்து லிட்டர் மட்டும் போட்டேன். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பில் பிடித்தது. சிக்னலில் நிறுத்தினேன், ஒரு அசைவு இல்லை. ஆக, கொஞ்சமாகப் போட்டால் நோவு இல்லை. ரொப்பினால்தான் நோவு. அதுவும் ரொப்பின கையோடு. கொஞ்ச நேரம் ஓடினால் தானாகத் தெளிகிறது. அதனால்தான் செபஸ்தியான் பார்க்கும்போதெல்லாம் யோக்கியன் வேஷம் போட்டிருக்கிறது.

அப்படியே ஓட்டிக்கொண்டே போனேன். மாத்தூர் தாண்டி, கீரனூர் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் புதுக்கோட்டை. கீரனூரில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறோம், புதன்கிழமை போய் வாசலில் நிற்பது முறையில்லை.

டீயில் சர்க்கரை அதிகம். சொல்லவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

கண்டுபிடித்தாகிவிட்டது. நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் டேங்க்கை ரொப்பி, உதறுகிற வண்டியை அணையவிடாமல் ஆக்சிலேட்டரில் கால் வைத்தபடியே செபஸ்தியானைத் தேடிப் போனேன். ஞாயிறு, ஷெட் பூட்டியிருந்தது. கோயிலில் இருப்பான் என்று டீக்கடையில் சொன்னார்கள். மாதா கோயில் வாசலில் போய் நிறுத்தினேன். வண்டி நின்ற இடத்திலேயே கடகடவென்று ஆடுகிறது. பூசை முடிந்து வருகிறவர்கள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். செபஸ்தியான் வெள்ளை வேட்டி சட்டையில் மனைவியோடு வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கு இருக்கிறதே!

"சார், இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"நோவுக்கு ஞாயிறு திங்கள் தெரியுமா? இப்ப ஆடுது, இப்பவே பாரு. நாளைக்கு வந்தா மறுபடியும் எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லுவே."

"கத்தாதீங்க சார். கோயில் வாசல்."

"நான் கத்தலை!"

அவன் மனைவி அவன் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "பாத்துட்டு வாங்க" என்று நகர்ந்துவிட்டார். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தான். உள்ளே குனிந்து மோந்து பார்த்தான்.

"பெட்ரோல் எப்பப் போட்டீங்க?"

"இப்பத்தான். ரொப்பிட்டு வர்றேன். ரொப்பினா மட்டும்தான் இப்படி ஆகுது. கொஞ்சமாப் போட்டா ஆகல, அதையும் பாத்துட்டேன்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கறுப்பாக விரல் தடிமனில் போகிற ஒரு ரப்பர்க் குழாயைத் தேடிப் பிடித்து, என் டூல்பாக்ஸிலிருந்து குறடு எடுத்து அதை நெரித்தான்.

இன்ஜின் அடங்கிவிட்டது. அழுகிற குழந்தை சட்டென்று நிறுத்துமே, அப்படி. குறடைத் தளர்த்தினான், மறுபடி உதறல். நெரித்தான், அமைதி.

செபஸ்தியான் விளக்கினான்.

டேங்க்கில் கிளம்புகிற பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் ஒரு கரிப்பெட்டி பிடித்து வைக்குமாம். வண்டி ஓடும்போது ஒரு சின்ன வால்வு திறந்து, அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்குக் கொடுக்குமாம். என் வண்டியில் அந்த வால்வு மூடாமல் திறந்தே கிடக்கிறது. ரொப்பினதும் கிளம்புகிற ஆவி முழுக்க இன்ஜினுக்குள் பாய்கிறது. மூச்சு முட்டுகிறது.

"வால்வு ஏன் போச்சு?"

"நீங்க எதுவரைக்கும் ஊத்துவீங்க?"

"தெரியற வரைக்கும்."

"எத்தன வருஷமா?"

"வாங்கினதுலேருந்து."

அவன் தலையில் கைவைத்தான். "பம்ப் தானா நின்னதும் நிறுத்தணும் சார். அதுக்கு மேல ஊத்தினா ஆவி போற வழியில பெட்ரோலே போய் நிக்கும். கரிப்பெட்டி ஊறி, உள்ள இருக்கிற தூள் கெளம்பி வால்வுல சிக்கியிருக்கு. அது என்ன பண்ணும், பாவம்?"

"இதை முதல்லயே சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"டேங்க்க ரொப்பினதும்தான் இப்படி ஆகுதுன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"நீ கேட்டியா?"

"கேக்க விட்டீங்களா சார்?" அவனும் இப்போது கத்தினான். கோயில் வாசல் அவனுக்கே மறந்துவிட்டது. "வந்து நிக்கும்போதே சண்டையோட வந்து நிக்கறீங்க. எதக் கேட்டாலும் எனக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமாங்கறீங்க. உங்ககிட்ட கேள்வி கேக்கறதுக்குப் பதிலா ப்ளக்க மாத்திட்டுப் போயிடலாம்னுதான் தோணும்."

நான் பதிலுக்குக் கத்தாமல் பானெட்டை இறக்கி மூடினேன்.

ஜூலை 1, செவ்வாய்

வால்வும் கரிப்பெட்டியும் புதிது. செபஸ்தியானும் நானும் சேர்ந்தே பங்க்குக்குப் போனோம். பம்ப் நின்றது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். போதும் என்றேன். முதல் திருப்பில் பிடித்தது. டேஷ்போர்டில் தண்ணீர் பாட்டிலை வைத்துப் பார்த்தேன், தண்ணீர் அலுங்கவில்லை.

"அப்புறம் என்ன சார், ஊருக்குக் கெளம்பவேண்டியதுதான்" என்றான்.

அவனுக்கு என்ன அவசரமோ.

ஜூலை 6, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். வண்டி ஒரு தடவைகூட உதறவில்லை.

மாப்பிள்ளை கேட்டைத் திறந்துவிட்டு, திறந்த இடத்திலேயே நின்றார். கோகிலம் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். இடது புருவத்துக்கு மேலே ஒரு கோடு. சின்னதுதான்.

"கெளம்பு. வண்டி சரியாயிடுச்சு" என்றேன்.

"வண்டி எதுக்குங்க சரியாகணும்? பஸ் ஓடிட்டுத்தானே இருந்துச்சு?"

சிரிக்காமல் கேட்டாள். நின்றபடியே வால்வு, கரிப்பெட்டி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "நான் வரலைங்க. இங்க பக்கத்துல ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கறாங்க. அடுத்த வீட்டு மெஷின்ல தச்சிட்டிருக்கேன். அடுத்த தடவை வரும்போது என் மெஷினக் கொண்டாந்து குடுங்க" என்றாள்.

என் வீட்டிலிருந்து மெஷின் போகிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. என் வீடு சத்திரமா என்று கேட்டேன். ஊரில் நான் தலைகாட்ட வேண்டாமா என்று கேட்டேன். குழந்தை வீறிட்டு அழுதது. கோகிலம் பின்னால் நகரவில்லை. உள்ளங்கையால் குழந்தையின் காதை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் நான் குரலை உயர்த்தினால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

தேன்மொழிதான் நடுவில் வந்தாள். "அப்பா, அம்மா நெத்தியில தையல் போட்டப்ப நான்தான் கையப் புடிச்சிட்டிருந்தேன். நீங்க வீட்ல உக்காந்து நியூஸ் பாத்துட்டிருந்தீங்க. கதவுல இடிச்சிக்கிட்டாங்கன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னது நான். இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்."

அதை இப்போது எதற்கு இழுக்க வேண்டும்? தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

அந்த மெஷினைத் தொட மாட்டேன். வேண்டும் என்றால் அவளே வந்து எடுத்துப் போகட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

அவள் வரமாட்டாள்.

ஜூலை 10, வியாழன்

மெஷின் மேலிருந்த துணியை எடுத்துப் பார்த்தேன். டிராயரில் ஒரு பாபின், கொஞ்சம் நீல நூல், பேரனுக்குத் தைக்க ஆரம்பித்துப் பாதியில் நிற்கிற ஒரு சட்டை. பேரனுக்கு இனி அது போதாது. வளர்ந்துவிட்டான். அன்றைக்குக் கத்தினதில் அவனை நான் தூக்கக்கூட இல்லை.

ஜூலை 12, சனி

மெஷின் தலையைத் தனியாகக் கழற்றினேன். கால் மிதிக்கிற இரும்பு ஸ்டாண்டின் போல்ட்டுகள் துருப்பிடித்து அசையவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, திருகி, மறுபடி காத்திருந்தேன். ஸ்பேனர் வழுக்கி முழங்கை கிழிந்தது. கெட்ட வார்த்தை சொன்னேன். கேட்க ஆள் இல்லை. கீழ் வீட்டுக்காரர் ஒரு கை பிடித்தார். பின் சீட்டை மடக்கி ஏற்றிவிட்டோம். "ரிப்பேரா?" என்று கேட்டார்.

"இல்ல. வீட்டுக்காரிக்கு வேணுமாம். அங்கதான் இருக்கப்போறா" என்றேன்.

அவரிடம்தான் முதலில் சொன்னேன். இந்த நோட்டில்கூட அதுவரை எழுதவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மாப்பிள்ளையும் நானும் இறக்கினோம். ஜன்னல் பக்கத்தில் வெளிச்சம் விழுகிற இடத்தைக் கோகிலம் காட்டினாள். நானே மாட்டிக் கொடுத்தேன். பெல்ட்டைப் போட்டு அவள் ஒரு தடவை மிதித்துப் பார்த்தாள். ஓடியது. பழைய துணி ஒன்றை விட்டு ஒரு தையல் போட்டு, அதைத் திருப்பிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள். தையலைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா, தெரியாது. தையலைத்தான் சொல்லியிருப்பாள்.

தேன்மொழி சாப்பாடு போட்டாள். சாப்பிட்டேன். பேரன் என் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது கோகிலம் வண்டிவரைக்கும் வந்தாள். நான் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினேன். எங்கிருந்து வந்ததோ, கேட்டுவிட்டேன்: "இனிமே வரவே மாட்டியா?"

"கோவமா இருக்கீங்களா?" என்றாள்.

"ஆமா."

"யார் மேல?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பங்க் மேலாளர், செபஸ்தியான், மாப்பிள்ளை, தேன்மொழி, அவளே. ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன். ஒருவர் பெயரும் வாயில் நிற்கவில்லை.

அவள் அவசரப்படுத்தவில்லை. வெயிலில் நின்றாள். கடைசியில் கண்ணாடி விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"தெரிஞ்சா வந்து சொல்லுங்க. அப்ப பேசுவோம்."

உள்ளே போய்விட்டாள். மெஷின் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

திருவெறும்பூர் வரைக்கும் வண்டி ஓரிடத்தில்கூடத் திணறவில்லை. திணறியிருக்கலாம்.